அணுவாயுதத் தடையும் ஊவா மலைகளும்

2024ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் திகதி, அப்போதைய ஈரானிய ஜனாதிபதி இப்ராஹிம் ரைசியும் அப்போதைய இலங்கை ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவும் ஊவா மாகாணத்தில் ஒன்றாக நின்று உமா ஓயா பல்நோக்கு அபிவிருத்தித் திட்டத்தை மக்களிடம் கையளித்தனர். வெலிமடைக்கு அருகே புஹுல்பொலவிலும் பண்டாரவளைக்கு அருகே டயரபாவிலும் அணைகள் அமைக்கப்பட்டுள்ளன. அங்கு மறிக்கப்படும் நீர் மலையைக் குடைந்து அமைக்கப்பட்ட சுரங்கத்தின் வழியே இறங்கி, கரந்தகொல்லப் பகுதியில் நிலத்தடியில் உள்ள மின்நிலையத்தை அடைகிறது. அந்நிலையத்தின் வலு 120 மெகாவோற் ஆகும். அதன் பின்னர் அந்நீர் தென்கிழக்கின் வரண்ட வயல்களை நோக்கித் திருப்பப்படுகிறது.

இரு நாடுகளின் நட்புறவுக்குச் சான்றாக இவ்விழா அன்று வர்ணிக்கப்பட்டது. ஆயினும், 2015ஆம் ஆண்டளவில் நிறைவுபெறும் என எதிர்பார்க்கப்பட்ட திட்டம் ஒன்பது ஆண்டுகள் பிந்தி வந்தது ஏன் என்ற கேள்வியை எவரும் அன்று உரத்து எழுப்பவில்லை. அதற்கான விடையின் ஒரு பகுதி ஊவா மலைகளின் பாறைகளுக்குள் இருக்கின்றது. மற்றொரு பகுதி வியன்னாவிலும் நியூயோர்க்கிலும் வாஷிங்டனிலும் இருக்கின்றது. அணுவாயுதப் பரவலைத் தடுப்பது பற்றிய பேச்சு வல்லரசுகளின் மாநாட்டு மண்டபங்களோடு முடிந்துவிடும் ஒன்று எனக் கருதுவோர், பதுளை மாவட்டத்தின் கடந்த கால் நூற்றாண்டு அனுபவத்தைச் சற்றுத் திரும்பிப் பார்த்தல் நன்று.

உமா ஓயாத் திட்டத்தின் ஆரம்ப நிகழ்வு 2008 ஏப்ரலில் ஈரானின் அன்றைய ஜனாதிபதி மஹ்மூத் அஹ்மதிநெஜாத் இலங்கைக்கு வந்திருந்தபோது நடைபெற்றது. அதற்கு முந்திய மாதத்திலேதான், யுரேனியம் செறிவூட்டலை நிறுத்த மறுத்தமைக்காக ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை ஈரான் மீது தனது மூன்றாவது தடைத் தீர்மானத்தை நிறைவேற்றியிருந்தது. திட்டத்திற்கான செலவின் பெரும்பகுதியை ஈரானின் ஏற்றுமதி அபிவிருத்தி வங்கி கடனாக வழங்கும் என்பது ஏற்பாடு. ஆனால் 2013 வரையில் ஏறத்தாழ 50 மில்லியன் டொலர் மட்டுமே அவ்வங்கியிடமிருந்து கிடைத்தது. தடைகள் இறுகியதும் அப்பணம் நின்றுபோனது. ஈரானிய நிறுவனமான பராப் ஒப்பந்தகாரராகத் தொடர்ந்து பணியாற்ற, 514 மில்லியன் டொலர் மதிப்பிலான திட்டத்தின் எஞ்சிய செலவை இலங்கை அரசாங்கமே தனது திறைசேரியிலிருந்து ஏற்க நேர்ந்தது. கடனாக வரவேண்டிய தொகை வரிப்பணமாக மாறியது என்பதே இதன் பொருள்.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்துதல் எமது கடமையாகும். 2014 டிசம்பரில் சுரங்கம் தோண்டும் பணியின்போது நிலத்தடி நீர் பெருமளவில் பீறிட்டது. பண்டாரவளையைச் சூழ்ந்த கிராமங்களின் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவர்கள் வெடித்தன. பீலியில் நீர் பிடித்துப் பழகியவர்கள் பவுசர் வண்டியை எதிர்பார்த்து வாளிகளோடு நின்றனர். 2017இல் பண்டாரவளை நகரில் மக்கள் திரண்டு வீதிக்கு இறங்கினர். இந்த அவலத்திற்குப் பொருளாதாரத் தடை காரணமன்று. பாறையின் இயல்பையும் நிலத்தடி நீரையும் போதிய அளவு ஆராயாமல் மலையைக் குடைந்ததே காரணம். எல்லாப் பழியையும் வெளிநாட்டின் தலையில் கட்டிவிட்டு உள்நாட்டுப் பொறுப்பிலிருந்து நழுவுவதற்கு இடமளிக்க முடியாது. ஆனால் கடன் நின்று திறைசேரி திணறிய அதே ஆண்டுகளிலேதான் இம்மக்களுக்கான நிவாரணத்தையும் இழப்பீட்டையும் தேட வேண்டியிருந்தது என்பதும் மறக்கத்தக்கதன்று.

இனி, தேயிலையின் கதைக்கு வருவோம். இலங்கைத் தேயிலையை நெடுங்காலமாக விரும்பி வாங்கும் நாடுகளுள் ஈரானும் ஒன்று. அதேபோல எமது சப்புகஸ்கந்தை எண்ணெய் சுத்திகரிப்பு நிலையம் ஈரானிய மசகு எண்ணெய்க்கு ஏற்றவாறு அமைந்த ஒன்றாகும். அவர்கள் எண்ணெய் அனுப்ப, நாம் தேயிலை அனுப்பும் இந்த உறவு இயல்பாகவே வளர்ந்தது. 2011ஆம் ஆண்டின் இறுதி நாளில் அமெரிக்கா ஈரானின் மத்திய வங்கியைக் குறிவைத்துச் சட்டம் இயற்றியது. 2012 மார்ச்சில் சர்வதேச வங்கிகளுக்கிடையிலான ஸ்விப்ட் தகவல் வலையமைப்பிலிருந்து ஈரானிய வங்கிகள் துண்டிக்கப்பட்டன. அதன் பின்னர் எண்ணெய் வாங்கவும் வழியில்லை. ஏற்கனவே வாங்கியதற்குப் பணம் அனுப்பவும் வழியில்லை. இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் ஈரானிய தேசிய எண்ணெய் நிறுவனத்திற்குச் செலுத்த வேண்டிய ஏறத்தாழ 251 மில்லியன் டொலர் இவ்வாறே பல ஆண்டுகள் தேங்கிக் கிடந்தது.

இக்கடனைத் தேயிலையால் தீர்ப்பதற்கான உடன்பாடு 2021 டிசம்பரில் எட்டப்பட்டது. மாதந்தோறும் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலையை அனுப்புவதும், அதனை அனுப்பும் ஏற்றுமதியாளர்களுக்கு உள்நாட்டில் ரூபாவில் பணம் செலுத்துவதும் ஏற்பாடு. இடையே நாடு வங்குரோத்து நிலையை அடைந்ததால், 2023இலேயே இப்பண்டமாற்று நடைமுறைக்கு வந்தது. பன்னாட்டு வங்கித்துறை வானளாவ வளர்ந்துள்ள இக்காலத்தில், இரு நாடுகள் பழங்காலத்து வணிகரைப் போன்று பண்டத்திற்குப் பண்டம் கொடுத்துக் கணக்கை முடிக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டன.

ஈரானியச் சந்தை பெரும்பாலும் தாழ்நிலத் தேயிலையையே நாடுகிறது. கச்சான் காற்று வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான பருவத்தில் மணம் பெறும் ஊவாத் தேயிலைக்கு வேறு சந்தைகள் உள்ளன. ஆகவே இதில் ஊவாவுக்கு என்ன பாதிப்பு எனச் சிலர் கேட்கக்கூடும். இக்கேள்வி நியாயமானதே. ஆயினும், நாட்டுக்கு வர வேண்டிய டொலர் வராமற் போகும்போது அதன் சுமை உயரம் பார்த்து இறங்குவதில்லை. மேலும், தோட்டக் கம்பனிகள் சம்பளப் பேச்சுவார்த்தைகளில் முதலில் நீட்டும் காரணம் சந்தை நிலவரமே. 1000 ரூபா நாட்சம்பளத்தை 2021இல் பெறுவதற்கும், 1350 ரூபாவை 2024இல் பெறுவதற்கும் மலையகத் தொழிலாளர் எத்தனை ஆண்டுகள் போராடினர் என்பதை நாடறியும். நிறை குறைந்தால் அரைப் பெயர் போடப்படும் தொழிலாளிக்குச் சந்தை சரிந்த செய்தி உடனே எட்டுகிறது. சந்தை உயர்ந்த செய்தியோ மிகத் தாமதமாகவே எட்டுகிறது.

2012 பெப்ரவரியில் எரிபொருள் விலைகள் உயர்த்தப்பட்டபோது மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 71 ரூபாவிலிருந்து 106 ரூபாவானது. பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் நட்டமும் நாணய மதிப்பு வீழ்ச்சியும் அதற்கு முதன்மையான காரணங்கள். எனினும், பழகிய எண்ணெய் மூலத்தை இழக்கும் நிலையில் நாடு இருந்தமையும் அந்நெருக்கடியின் ஓர் அங்கமே. லயன் அறையில் குப்பி விளக்கேற்றிப் படித்த பிள்ளைக்கு ஈரானின் நட்டான்ஸ் எங்கிருக்கிறது என்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

அவ்வாறாயின் தடை விதித்தவர்கள் அனைவரும் அநியாயக்காரர்களா? பிரச்சினையை நேர்மையாக நோக்குவோர் அவ்வாறு கூற முடியாது. ஈரான் 1970 முதல் அணுவாயுதப் பரவல் தடை உடன்படிக்கையில் உறுப்பு நாடு. நட்டான்ஸில் செறிவூட்டல் நிலையம் அமைக்கப்படுவது 2002இல் வெளியார் மூலமே உலகிற்குத் தெரியவந்தது. சர்வதேச அணுசக்தி முகவராண்மை எழுப்பிய பல வினாக்களுக்கு ஆண்டுக்கணக்கில் முழுமையான விடை கிடைக்கவில்லை. சமாதானத் தேவைக்கான அணுசக்தி தமது உரிமை என ஈரான் கூறுவதற்கு உடன்படிக்கையிலேயே ஆதாரம் உண்டு. ஆனால் அவ்வுரிமையோடு ஒளிவுமறைவற்ற கண்காணிப்பும் இணைந்தே உள்ளது. சந்தேகம் எழுந்தமைக்கு ஈரானும் பொறுப்பாளியே.

எனினும், அச்சந்தேகத்தைத் தீர்க்க இரு வழிகள் பரீட்சிக்கப்பட்டன. அவற்றின் பலன்களை ஒப்பிட்டுப் பார்க்க இப்போது போதிய சான்றுகள் உள்ளன. முதலாவது, ஒத்துழைப்பின் வழி. 2015 ஜூலை 14ஆம் திகதி வியன்னாவில், பாதுகாப்புச் சபையின் ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளும் ஜேர்மனியும் ஐரோப்பிய ஒன்றியத்தோடு இணைந்து ஈரானுடன் உடன்பாடு கண்டன. செறிவூட்டல் 3.67 சதவீதத்திற்கு மேற்படலாகாது. கையிருப்பு 300 கிலோகிராமைத் தாண்டலாகாது. முகவராண்மையின் பரிசோதகர்கள் விரிவாகக் கண்காணிப்பர் என்பன அதன் முக்கிய நிபந்தனைகள். 2016 ஜனவரியில் தடைகள் தளர்த்தப்பட்டன. ஈரான் நிபந்தனைகளுக்கு அமைய நடந்துகொள்கிறது என்பதை முகவராண்மை தொடர்ச்சியாக அறிக்கையிட்டது.

இரண்டாவது, நெருக்குதலின் வழி. 2018 மே 8ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் அவ்வுடன்பாட்டிலிருந்து விலகித் தடைகளை மீண்டும் விதித்தார். 2019 ஜூலையில் ஈரான் வரம்புகளை மீறத் தொடங்கியது. 2021 ஏப்ரலில் 60 சதவீதச் செறிவூட்டலை ஆரம்பித்தது. ஆயுதத்திற்குத் தேவைப்படும் அளவு ஏறத்தாழ 90 சதவீதம் என்பதைக் கருத்திற் கொண்டால் இதன் பாரதூரம் புலப்படும். 2025 ஜூன் 13ஆம் திகதி இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது. ஜூன் 22ஆம் திகதி அமெரிக்கா போர்டோ, நட்டான்ஸ், இஸ்பஹான் ஆகிய அணுசக்தி மையங்கள் மீது குண்டு வீசியது. அவ்வேளை ஈரானிடம் 60 சதவீதம் செறிவூட்டிய யுரேனியம் 440 கிலோகிராமுக்கு மேல் இருந்ததாக முகவராண்மை மதிப்பிட்டிருந்தது. தாக்குதலின் பின் ஈரான் முகவராண்மையுடனான ஒத்துழைப்பை இடைநிறுத்தியது. செப்டெம்பர் இறுதியில் ஐக்கிய நாடுகளின் பழைய தடைகள் மீண்டும் உயிர்பெற்றன. 3.67 சதவீதத்தில் பரிசோதகரின் கண்முன்னே இருந்த ஒரு திட்டம், 60 சதவீதத்திற்கு உயர்ந்து அவர்களது கண்ணுக்கு அப்பாற் சென்றதே நெருக்குதலின் விளைவாகும்.

இப்போரின் அதிர்வும் எமது மலைகளை எட்டாமலில்லை. 2025 ஜூன் 23ஆம் திகதி கட்டாரிலுள்ள அமெரிக்க விமானத் தளத்தை ஈரான் ஏவுகணைகளால் தாக்கியபோது வளைகுடா நாடுகளின் வான்பரப்புகள் மூடப்பட்டன. பதுளை, வெலிமடை, ஹாலிஎல, பசறைப் பகுதிகளின் தமிழ், முஸ்லிம் குடும்பங்களுள் எத்தனையோ, வளைகுடா நாடுகளில் உழைக்கும் மகளையோ தாயையோ கணவனையோ நம்பி வாழ்கின்றன. அன்றிரவு அக்குடும்பங்கள் தொலைபேசியைக் கையில் ஏந்திக்கொண்டு விழித்திருந்தன. இவர்களுக்கு அணுவாயுதப் பிரச்சினை தூரத்து அரசியலன்று. வீட்டுச் சமையலறையோடு தொடர்புடைய விடயம்.

நெருக்குதலின் வழி உலகின் நம்பிக்கையைப் பெறத் தவறியமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது எமது பழமொழி. 1970இல் நடைமுறைக்கு வந்த பரவல் தடை உடன்படிக்கை இருபுறக் கடப்பாட்டைக் கொண்டது. ஆயுதம் அற்ற நாடுகள் அதனை நாடலாகாது. ஆயுதம் உள்ள நாடுகள் அதனைக் களைவதற்கு நல்லெண்ணத்தோடு பேச வேண்டும் என்பது அதன் ஆறாம் உறுப்புரை. ஆனால் 2025 ஜனவரி நிலவரப்படி ஒன்பது நாடுகளிடம் ஏறத்தாழ 12,240 அணுகுண்டுகள் இருந்ததாக ஸ்டொக்ஹோம் சமாதான ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. அவற்றுள் பத்தில் ஒன்பது பங்கு அமெரிக்காவிடமும் ரஷ்யாவிடமும் உள்ளவை. மத்திய கிழக்கில் அணுவாயுதம் வைத்திருப்பதாகக் கருதப்படும் இஸ்ரேல் அவ்வுடன்படிக்கையில் இணையவே இல்லை. 2015இலும் 2022இலும் நடைபெற்ற மீளாய்வு மாநாடுகள் ஒருமித்த ஆவணம் எதுவுமின்றிக் கலைந்தன. குடத்தை உடைத்தவர்களே நீதிபதிகளாக அமரும் மன்றத்தின் தீர்ப்பை ஏனையோர் மனமுவந்து ஏற்பர் என எதிர்பார்க்க முடியுமா?

இத்தகைய கேள்வியை எழுப்பும் தகுதி இலங்கைக்கு உண்டு. சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் முன்னெடுத்த முயற்சியினால், 1971 டிசம்பர் 16ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாகப் பிரகடனம் செய்தது. 1995இல் நியூயோர்க்கில் பரவல் தடை உடன்படிக்கையை வரையறையின்றி நீடித்த மாநாட்டிற்குத் தலைமை வகித்தவர் இலங்கை இராஜதந்திரியான ஜயந்த தனபால. வாக்கெடுப்பின்றி எட்டப்பட்ட அந்த முடிவோடு, மத்திய கிழக்கைப் பேரழிவு ஆயுதங்கள் அற்ற வலயமாக்கும் தீர்மானமும் நிறைவேற்றப்பட்டது. அத்தீர்மானம் நிறைவேறாமல் நிற்பதே இன்றைய பகைமையின் வேர்களுள் ஒன்று என்பதை எவரும் மறுக்க முடியாது. 1996இல் சர்வதேச நீதிமன்றம் அணுவாயுதம் பற்றி ஆலோசனைக் கருத்து வழங்கியபோது, எந்தச் சந்தர்ப்பத்திலும் அது சட்டவிரோதமே எனத் தனித்து எழுதிய நீதியரசர் கிறிஸ்டோபர் வீரமந்திரியும் எம்மவரே. 2023 ஜூலையில் முழுமையான அணுப் பரிசோதனைத் தடை உடன்படிக்கையை உறுதிப்படுத்திய இலங்கை, அதே ஆண்டு செப்டெம்பரில் அணுவாயுதத் தடை உடன்படிக்கையிலும் இணைந்துகொண்டது.

அயலில் இரு அணுவாயுத நாடுகள் உள்ள தீவு நாம். 1998 மே மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் அணுகுண்டுகளைப் பரிசோதித்த பின்னர், அவ்விரு நாடுகளின் பிரதமர்கள் நேரிற் சந்தித்தது அதே ஆண்டு ஜூலையில் கொழும்பில் நடைபெற்ற சார்க் உச்சி மாநாட்டின்போதுதான். அவ்விரு நாடுகளுக்கிடையே போர் மூண்ட காலங்களிலும் கைவிடப்படாத ஒரு வழக்கம் உண்டு. ஒன்றின் அணுசக்தி நிலையங்களை மற்றொன்று தாக்கலாகாது என்ற 1988ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி முதலாம் திகதி இரு தரப்பும் தத்தமது நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. பகைவர்களுக்கிடையிலும் ஒத்துழைப்பு சாத்தியம் என்பதற்கு இதைவிட அண்மையான உதாரணம் எமக்கு வேண்டியதில்லை.

ஆகவே இலங்கை செய்யக்கூடியவை மூன்று உள்ளன என நாம் கருதுகின்றோம். முதலாவதாக, சர்வதேச அரங்குகளில் பரிசோதகர்களைத் திரும்ப அனுமதிக்கும் பேச்சுவார்த்தையையும், ஆயுதம் வைத்திருப்போரின் கடப்பாட்டையும், மத்திய கிழக்கு வலயத்தையும் ஒன்றாக இணைத்துப் பேச வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றைப் பேசுவது பயனற்றது என்பதற்குக் கடந்த முப்பது ஆண்டுகளே சாட்சி.

இரண்டாவதாக, தடை விதிப்போர் மூன்றாம் நாடுகளின் ஏழைகளுக்கு ஏற்படும் பாதிப்புக்கும் பொறுப்புக் கூறும் ஒழுங்கு ஒன்றைக் கோர வேண்டும். உணவும் மருந்தும் தடைக்கு உட்பட்டவையல்ல என்பது எழுத்தளவில் உண்மை. நடைமுறையில் வங்கிகள் அச்சத்தால் ஒதுங்கிக்கொள்கின்றன. 2019இல் ஐரோப்பிய நாடுகள் ஈரானுடனான வர்த்தகத்திற்கென உருவாக்கிய இன்ஸ்டெக்ஸ் என்ற பொறிமுறை, ஒரேயொரு கொடுக்கல் வாங்கலோடு 2023இல் கலைக்கப்பட்டது. வல்லமை மிக்க ஐரோப்பாவுக்கே இந்நிலை எனில், தேயிலை விற்று வாழும் சிறிய நாட்டின் நிலையைக் கூற வேண்டியதில்லை. உணவுப் பொருளுக்கும், ஏற்கனவே ஆரம்பிக்கப்பட்ட மக்கள் நலத் திட்டங்களுக்கும் பணம் செல்லும் பாதையைத் தீர்மானத்தை நிறைவேற்றும்போதே பாதுகாப்புச் சபை வகுத்துத் தர வேண்டும் என்பது நியாயமான கோரிக்கையே.

மூன்றாவது, எமது வீட்டிலேயே செய்ய வேண்டியது. தடைக்குள்ளான நாட்டோடு பாரிய ஒப்பந்தம் ஒன்றைச் செய்யும்போது, பணம் நின்றால் மாற்று வழி என்ன என்பதை முன்கூட்டியே பாராளுமன்றத்திற்குச் சொல்ல வேண்டும். உமா ஓயாவால் கிணறும் வீடும் இழந்தவர்களுள் உரிய இழப்பீடு கிட்டாதவர்களின் கணக்கைத் தீர்க்க வேண்டும். ஊவாவின் மக்கள் பிரதிநிதிகள் அணுவாயுத ஒழிப்பைக் கொழும்பு இராஜதந்திரிகளின் விடயமென ஒதுக்கிவிடாமல், தமது மக்களின் வருமானத்தோடும் நீரோடும் தொடர்புடையதெனச் சபையில் எடுத்துரைக்க வேண்டும்.

உமா ஓயாவின் நீர் தேயிலை மலைகளுக்கும் மரக்கறித் தோட்டங்களுக்கும் கீழாக, தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற பேதமின்றி அனைவரது நிலத்தின் அடியிலும் ஓடி வயலைச் சேர்கிறது. ஓர் அணுகுண்டையும் செய்யாத, செய்யும் எண்ணமும் இல்லாத இம்மக்கள் மற்றவர்களின் அணுகுண்டுப் பிணக்கிற்கான செலவில் தமது பங்கைச் செலுத்திவிட்டனர். பங்கைச் செலுத்தியவர்களுக்குப் பேசும் உரிமையும் உண்டு. அவ்வுரிமையை இலங்கை அவர்கள் சார்பில் உரத்துப் பயன்படுத்த வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.